தாராளமான பவர் சப்ளை

கார்குழலி தன் முதல் கம்ப்யூட்டருக்கான பாகங்களைத் தானே தேடி வாங்கி மேசையில் பரப்பியிருந்தாள். எது எதோடு சேரும் என்று ஒவ்வொன்றையும் மதர்போர்டோடு வைத்துப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் மின்சாரம் பகிர்ந்து தரவேண்டிய பவர் சப்ளையைப் பற்றி மட்டும் அவள் யோசிக்கவில்லை.

கடைசியாக, விளையாட்டுப் படங்களை வேகமாகக் காட்டும் கிராபிக்ஸ் கார்டு வந்து, புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தது.

“எனக்கு நிறைய கரண்ட் வேணும். தருவியா தம்பி?” என்றது பவர் சப்ளையிடம்.

பவர் சப்ளைக்குத் தன் அளவு தெரியும். ஆனால் முடியாது என்றால் கடைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம்.

“அதுக்கென்ன அண்ணே, தாராளமா!”

“நிஜமாவா?” என்றது மதர்போர்டு.

“நிஜமாத்தான் அக்கா.”

கம்ப்யூட்டர் ஓடியது. கார்குழலி ஒரு விளையாட்டைத் திறந்தாள். கார்டு கேட்டது, பவர் சப்ளை கொடுத்தது. இன்னும் கேட்டது. பவர் சப்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு கொடுத்தது. சட்டென்று எல்லாம் அணைந்துபோயின.

“ரொம்பத் தாராளம்தான்!” என்றது கார்டு.

கார்குழலி கார்டின் மேலும் பவர் சப்ளையின் மேலும் எழுதியிருந்த மின்சார அளவை நிதானமாகப் படித்தாள். பிறகு ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். தன்னைத்தான் கழற்றப்போகிறாள் என்று நினைத்தது பவர் சப்ளை.

“இவ்வளவு பெரிசு நமக்கெதுக்கு?” என்று அவள் கழற்றியது கார்டை.

கார்டு இல்லாமலேயே திரையில் படம் வந்தது.

மறுநாள் ஒரு ஹார்டு டிஸ்க் வந்தது. “எனக்கும் கொஞ்சம் தருவியா தம்பி?”

மதர்போர்டு காதைத் தீட்டிக்கொண்டது.

“இருங்க, யோசிச்சுச் சொல்றேன்,” என்றது பவர் சப்ளை.