ஆறு சாவு விழுந்த வீடு

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா, ஒரு கதை சொல்கிறேன். விளாங்குடியில் ஒரே மாதத்தில் ஆறு சாவு விழுந்த வீட்டின் கதை.

ஆறாவது சாவு அன்று மாயக்காளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. மாட்டுக்காரச் சுருளி வீட்டில் ஒரு செம்பு கோமியம் வாங்கி வந்து, வாசலிலிருந்து அடுப்படிவரை தெளித்து, தலைமுழுகிவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்தாள். முந்தைய ஐந்து சாவுக்கும் அப்படித்தான் செய்தாள். முறையில் ஒரு குறை வைக்கிறவள் இல்லை.

அவள் மகன் அழகுபாண்டி, வெள்ளைத் துணியில் சுற்றிய உடலை ஏந்திக்கொண்டு கொல்லைக்குப் போனான். முருங்கை மரத்தடியில் கரண்டியால் குழி தோண்டினான். கரண்டியே போதும். போனது விரல் நீளத் தங்கமீன்.

"மீனுன்னா மட்டும் தீட்டு இல்லையா? உசுருன்னா எல்லாம் உசுருதான்" என்பது மாயக்காள் கட்சி. அதை யாரும் எதிர்த்துப் பேச முடியாது.

புது வீட்டுப் பால்காய்ப்புக்கு, மருமகள் மீனாவின் தம்பி சூரியபிரகாஷ் பசுமலையிலிருந்து சீராகக் கொண்டுவந்த கண்ணாடித் தொட்டி அது. ஏழு மீன்களோடு வந்தது. மிச்சம் இருந்த ஒன்றும் இப்போது மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"எங்கம்மா வீட்டுச் சீரு ஏழும் செத்துச்சுன்னா, ராசியில்லாத சீருன்னு உங்க சொந்தக்காரப் பொம்பளைக ஆயுசுக்கும் பேசுவாக. இது ஒண்ணையாவது காப்பாத்துங்க" என்று மீனா மூக்கைச் சிந்தினாள்.

அழகுபாண்டி சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டான். மஞ்சளாக நின்றால் நல்ல தண்ணீர். பச்சையானால் அமோனியா. நேற்று இளம்பச்சைக்கு இறங்கியிருந்தது, இன்று வாழையிலை நிறத்தில் நின்றது. குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பழங்காநத்தத்துக்கு வண்டியை விட்டான்.

வண்ணமீன் கடை கருத்தக்கண்ணன் குப்பியை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"புதுத் தொட்டியில மொத மீனு போறது சகஜம்ணே. கழிவத் திங்கிற நல்ல கிருமி அதுக்குள்ள உண்டாகியிருக்காது. தண்ணி மாத்துறீகளா?"

"தெனம் கால்வாசி மாத்துறேன். தீனியும் பாதியாக் கொறச்சுட்டேன். பச்சை எறங்கும், ஒண்ணு சாகும், மறுபடி ஏறிரும். இதே பொழப்பாப் போச்சு. இப்ப ஒத்த மீனுதான் மிச்சம்."

"செத்தத அப்படியே போட்டு வைக்கிறீகளோ?"

"அட நீங்க வேற. அஞ்சே நிமிசத்துல எடுத்து அடக்கம் பண்ணிருவேன்."

கருத்தக்கண்ணன் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நெனைக்காதீகண்ணே. ஒத்த மீனு இம்புட்டு அமோனியா விடாது. வீட்டுல யாரும் தொட்டிக்குள்ள ஒண்ணுக்கு இருக்காகளா?"

வழியெல்லாம் அழகுபாண்டி அதையே யோசித்துக்கொண்டு வந்தான். வீட்டில் அம்மா, மீனா, அவன், மூன்றே பேர். நாலாவதாக, ஒவ்வொரு சாவுக்கும் தவறாமல் துட்டி கேட்க வந்து, தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து போகிற ஆள் ஒருத்தன் உண்டு.

வீட்டுக்குள் நுழைந்தால், அந்த ஒருத்தன் ஆறாவது துட்டிக்கு வந்து மோர் குடித்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, மறைக்காமச் சொல்லு. இதோட ஆறு தடவ வந்துட்ட. வாரப்பல்லாம் நாலு டம்ளர் மோர் குடிக்கிற. ஒரு தடவகூட பாத்ரூம் பக்கம் போனதில்லையே, ஏன்?"

சூரியபிரகாஷுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் டம்ளர் தரையில் உருண்டது.

"அக்கா! ஒம்புருசன் கேக்குறதக் கேட்டியா? நான் கொண்டாந்த சீருலயே நான் போவேனா? தொட்டி என் நெஞ்சு ஒசரத்துல இருக்கு மச்சான், ஏணியா போட்டு ஏறுனேன்?"

"ஸ்டூலு பக்கத்துலதான கெடக்கு" என்றான் அழகுபாண்டி.

கிடந்தது உண்மைதான். பிளாஸ்டிக் ஸ்டூல், தொட்டியை ஒட்டி.

"இனி இந்த வாசப்படிய மிதிச்சா என்னன்னு கேளுங்க. நாங்குடுத்த சீர நானே தூக்கிட்டுப் போறேன்!" சூரியபிரகாஷ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியில் கை வைத்தான். தண்ணீர் தளும்பியது. உள்ளே ஏழாவது மீன் பக்கவாட்டில் சாய்ந்தது.

"இரு தம்பி, நானும் வாரேன். ஒன்னைய இப்படிக் கேட்ட வீட்டுல எனக்கென்ன வேல?" மீனா கட்டைப்பையில் சேலைகளை அடைக்கத் தொடங்கிவிட்டாள்.

சத்தம் கேட்டு மாயக்காள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"தூக்காதீக மருமகனே! தீட்டுப்பட்ட தொட்டின்னு ஒரு பய சொல்ல முடியாது. நான் உசுரோட இருக்கையில அப்படி விட்டுருவேனா?"

"அம்மா, நீ சும்மா இரு. இது வேற பிரச்சன" என்றான் அழகுபாண்டி.

மாயக்காள் ஸ்டூலைக் காலால் நகர்த்தி நேராகப் போட்டாள். அவள் முகத்தில் அத்தனை பெருமை.

"ஒவ்வொரு சாவுக்கும், வீட்டுக்குத் தெளிச்சது போக மிச்சக் கோமியம் பூராத்தையும், சாவு விழுந்த எடத்துலதானப்பா ஊத்துறேன்!"

அந்த ஏழாவது மீன் பிழைத்துக்கொண்டது. அது போல உங்கள் வீட்டிலும் எல்லாரும் நூறு வருஷம் நல்லா இருக்கணும் கண்ணுகளா, சுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.