வின்னி கையெழுத்துப் போட்டாளா?

"கையெழுத்துப் போட்டுட்டேளா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கோ, போதும்."

"எந்தக் கையெழுத்து?"

"கடையை விக்கற பத்திரத்துலதான். பேனாவைத் திறந்து கையில வெச்சுண்டிருந்தேளே. அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியாம மூணு வாரமா எனக்குத் தூக்கமே இல்லை."

கண்ணாடி முன்னால் உட்கார்ந்து முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மாள் திரும்பிப் பார்த்தார். எழுபதை நெருங்கும் வயது. எதிரே புடவைக்கு மேல் கம்பளிக் கோட்டும் கையில் கார்ச் சாவியுமாக காமாக்ஷி நின்றாள். இங்கிலீஷில்தான் பேசினாள். ஆனால் அது மாயவரத்து வேகத்தில் ஓடியது.

"எங்கிட்ட கடையே கிடையாதேம்மா."

"உங்க கடை இல்லை. வின்னியோட கடை."

பஞ்சைப் பிடித்திருந்த கை கன்னத்திலேயே நின்றுவிட்டது.

ஐரிஸ் பெல்டன் என்ற பெயர் நியூ ஜெர்சியில் யாருக்கும் தெரியாது. இந்த ஓட்டல் அரங்கில் ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டே பார்த்த மத்தியான நாடகத்தில், டீத் தட்டோடு விறுவிறுவென்று வந்து நாலு வரி பேசிவிட்டுப் போகிற வேலைதான் அவருக்கு. ஆனால் லண்டன் டி.வி. தொடரில் வின்னி என்றால் அவர்தான். கால்வாய்க்கரைத் தெருவில் ரொட்டிக்கடை வைத்து, தெரு வம்பையும் சேர்த்துப் பொட்டலம் கட்டித் தருகிற வின்னி.

கல்யாணத்துக்கு முன்னால் அக்கா அபயாம்பாளின் லண்டன் வீட்டில் இருந்த ஒரு வருஷத்தில், காமாக்ஷி ஒரு நாள்கூட வின்னியைத் தவறவிட்டதில்லை. ஜம்புநாதனைக் கைப்பிடித்து இதே நியூ ஜெர்சியின் பார்சிப்பனிக்கு வந்ததும் பனி பழகிவிட்டது, வின்னி இல்லாததுதான் பழகவில்லை.

"அக்கா வீடியோ கேசட்ல பிடிச்சு அனுப்பினா. லண்டன் கேசட் இந்த ஊர் மெஷின்ல ஓடாதாம். வெறும் கோடு கோடா வந்தது. போன்ல அழுதுட்டேன். அதுலேர்ந்து வாராவாரம் கதையை அவளே டேப்ல பேசி அனுப்பறா. தமிழ்லதான். எல்லார் குரலும் அவளே. நீங்க இருமறதுகூட."

"எத்தனை வருஷமா?"

"வர கார்த்திகையோட அஞ்சு."

அந்த அம்மாள் பக்கத்து நாற்காலியில் கிடந்த விக்கைத் தூக்கி மேஜைமேல் போட்டார். "உட்காருங்க. எல்லாத்தையும் சொல்லுங்க. ஒண்ணு விடாம."

நிஜ ரசிகைதானா என்று சோதிக்கிறார். சோதிக்கட்டுமே என்று காமாக்ஷி கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். தெருவை இடிக்க வந்த கவுன்சிலரை வின்னி பன்னாலேயே அடித்து விரட்டியதைச் சொன்னாள். பூங்கொத்தோடு வந்த கசாப்புக்கடை ஆல்பர்ட்டுக்கு முந்தாநாள் ரொட்டியைக் கொடுத்து அனுப்பியதைச் சொன்னாள். எதிர்வீட்டுக்குக் குடிவந்த மெட்ராஸ்காரர்கள் தந்த நாரத்தங்காயைத் தின்றுவிட்டு விக்கியதைச் சொன்னாள்.

"போன குளிருக்கு முழங்கால் வலி வேற வந்துடுத்தே உங்களுக்கு. எங்க அக்காவுக்கும் அதே மாசம்தான். என்ன பொருத்தம் பாருங்கோ."

"எந்தக் கால்?"

"இடது."

அந்த அம்மாள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "பன்னாலயா? கவுன்சிலரையா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்தபடி சொன்னார். "பதினாறு வயசுல கடற்கரைக் கொட்டகையில ஆட ஆரம்பிச்சேன். வின்னியா நடிக்கக் கூப்பிட்டப்போ மூணே வாரம்னாங்க. பல வருஷம் ஓடிடுச்சு. டி.வி.ல வின்னி அளவு குறைச்சுக் குடுத்தாள்னு சொல்லி மார்க்கெட்ல எனக்கு மீனே தர மாட்டாங்க."

வெளியே நாடகக் குழுவின் வேன் ஹாரன் அடித்தது. ஐரிஸின் பெயரை அவள் பார்த்த பேப்பரில், நாளைக்கு அவர்களுக்கு பாஸ்டன் என்று போட்டிருந்தது. காமாக்ஷிக்குப் பதற்றமாகிவிட்டது.

"சூப்பர்மார்க்கெட்காரன் பத்திரத்தை நீட்டறான், நீங்க பேனாவைத் திறக்கறேள், டேப் தீர்ந்துபோச்சு. அக்கா மாயவரத்துக்குக் கிளம்பிப் போயிட்டா. திரும்பி வர மாசி ஆகும். லைசென்ஸ் வாங்கி எட்டு நாள்கூட ஆகலை, ஹைவேல தனியா டிரைவ் பண்ணிண்டு வந்திருக்கேன். ஆத்துக்காரர்கிட்ட பால் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு."

"இவ்வளவு தூரமா? பாலுக்கா?"

"வின்னி கடையை வித்துட்டா எனக்கு அந்தத் தெருவே போச்சு. இந்த ஊர்ல கதவைத் தட்டிண்டு போக எனக்கு வேற தெரு கிடையாது."

அந்த அம்மாள் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு முனகலோடு எழுந்தார். அக்கா டேப்பில் முனகுகிற அதே முனகல்.

"இங்கே பாருங்கம்மா, நாலு வருஷத்துக்கு முன்னாடியே வின்னியை பஸ் மோதிச் செத்துப்போறமாதிரி எழுதி முடிச்சிட்டாங்க. அன்னிலேர்ந்து எனக்கு டீத் தட்டுதான்."

காமாக்ஷியின் கையிலிருந்து சாவி நழுவி விழுந்தது.

ஐரிஸ் குனிந்து அதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"கடையை விக்க வேண்டாம்னு உங்க அக்காகிட்ட சொல்றீங்களா?"