ஒரு கை உப்பு

"என் அடுப்புல உனக்கு என்ன வேலை?"

மாஸ்டர் போட்ட சத்தத்தில் உதவிச் சமையல்காரி தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள். அவள் கை நிறைய உப்பு. எதிரே மாஸ்டர் வைத்த சூப் அண்டா. கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

"சும்மா... ருசி பார்த்தேன் மாஸ்டர்."

"ருசி பார்க்க இத்தனை உப்பா? நான் சரியாப் போட்டு இறக்கினதுல நீ அள்ளிக் கொட்டுவே. சாப்பிடறவங்க என்னைத் திட்டுவாங்க. அப்புறம் என் கரண்டி உன் கைக்கு வந்துடும். நல்லாத்தான் யோசிச்சிருக்கே!"

அவள் கையிலிருந்த உப்பை டப்பாவிலேயே திருப்பிக் கொட்டினாள்.

"போ. இன்னிக்குப் பூரா பாத்திரம் கழுவு. சாயங்காலம் மேனேஜர்கிட்ட பேசிக்கறேன்."

மாஸ்டர் பொல்லாதவர் இல்லை. பாவம், பயம் அவரை அப்படிப் பேச வைத்தது. அந்த ஆபீஸ் கேன்டீனைச் சுற்றி மரங்கள் பூக்கிற காலம் இது. மகரந்தத் தூள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் போதும், அடுக்கடுக்காகத் தும்முவார். 'இன்னொரு தும்மல் கேட்டா அடுப்புப் பக்கமே வரக் கூடாது' என்று போன மாதம் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்.

மாத்திரை போட்டால் அடுப்படியிலேயே தூக்கம் சொக்கியது. அதனால் டாக்டர் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே கொடுத்தார். "தலையைக் கொஞ்சம் குனிஞ்சு, மெதுவா இழுங்க" என்றும் படித்துப் படித்துச் சொன்னார். மாஸ்டருக்குத்தான் எதிலும் அவசரமாயிற்றே! தினமும் வேலைக்கு வந்ததும் அண்ணாந்து ஒரே இழுப்பு. மருந்து தொண்டைக்கு இறங்கி நாக்கெல்லாம் கசக்கும். கசந்துவிட்டுப் போகட்டும், தும்மல் நின்றதே!

மதியம் பரிமாறுகிறவர் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்.

"மாஸ்டர், உப்பு பாக்கெட் எங்கே இருக்கு?"

"எதுக்கு?"

"மேசையில இருக்கற உப்பு பாட்டில் எல்லாம் காலி. ஆளாளுக்கு சூப்ல தட்டிக்கறாங்க. இத்தனை நாள் ஒருத்தரும் தொட்டதே இல்லை."

மாஸ்டர் ஒரு கரண்டி எடுத்துக் குடித்துப் பார்த்தார். அவர் நாக்குக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"நீ குடிச்சுப் பாரு."

பரிமாறுகிறவர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தயங்கினார்.

"தப்பா நினைக்காதீங்க மாஸ்டர். வெந்நீர் மாதிரி இருக்கு."

மாஸ்டரின் முகம் சுண்டிப்போயிற்று. நேரே பாத்திரம் கழுவுமிடத்துக்குப் போனார்.

"எத்தனை நாளா உப்பு போடறே?"

"நீங்க மருந்து அடிக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து. அந்தக் கசப்புல உப்பு கம்மியானது உங்க நாக்குக்குத் தெரியலை."

"என்கிட்ட சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"சொன்னா ரோஷத்துல மருந்தைத் தூக்கிப் போட்டுடுவீங்க. மறுபடி தும்மல் வரும்."

மாஸ்டரை வெட்கம் பிடுங்கித் தின்றது. கரண்டியை அவளிடம் நீட்டினார்.

"இன்னும் அரை அண்டா இருக்கு. வந்து சரி பண்ணும்மா. மேனேஜர் காதுக்குப் போச்சுன்னா என் வேலை போயிடும்."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கரண்டியை வாங்கினாள்.

"தெரியும் மாஸ்டர். உங்க சமையல் மேல ஒரே ஒரு புகார் வந்தாலும் இந்தக் கரண்டி எனக்குத்தான்னு மேனேஜர் போன மாசமே சொல்லிட்டாரே!"