பள்ளத்திலிருந்து வந்த தாளம்

"போதும், டிவிய அணைச்சுட்டுக் கிளம்பு. இன்னிக்கு ஸ்கூல்ல இசை நாடகம், ஞாபகம் இருக்கா?" என்றாள் அவள்.

"இந்த ஒரு ராட்சசன மட்டும் முடிச்சுட்டு வந்துடறேன்." சோபாவிலிருந்து பதில் வந்தது. கண்கள் திரையை விட்டு நகரவில்லை.

"எந்நேரமும் வீடியோ கேம்! டிரம்ஸ் பழகினியா இல்லியா? எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்கிடாத."

"கவலைப்படாத, ஜமாய்ச்சுடலாம்."

வழக்கமாக டிரம்ஸ் வாசிக்கும் மாணவனுக்குக் கை முறிந்ததால் கடைசி நேரத்தில் கிடைத்த வாய்ப்பு அது.

மாலையில் அரங்கம் நிரம்பி வழிந்தது. மேடைக்கு முன்னாலிருந்த பள்ளத்தில் வாத்தியக் குழு உட்கார்ந்திருந்தது. பாதி நாடகத்தில், கதாநாயகிக்குப் பாட்டு அடியோடு மறந்துபோனது. வயலின்கள் தடுமாறி நின்றன. டிரம்ஸ் மட்டும் நிற்கவில்லை. அந்த மௌனமும் நாடகத்தில் ஒரு பகுதி என்பதுபோல, மெல்லிய தாளம் ஒன்று அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஜனங்கள் தலையாட்டினார்கள், பிறகு கூடவே கைதட்டத் தொடங்கினார்கள். அந்த இடைவெளியில் கதாநாயகிக்கு மூச்சு வந்தது. மூச்சோடு பாட்டும் வந்தது.

திரை விழுந்ததும் இசை ஆசிரியர் பள்ளத்துக்கு ஓடிவந்தார். "நாடகத்தையே காப்பாத்திட்டீங்க!"

அவருக்குப் பின்னாலேயே, வேஷத்தைக்கூடக் கலைக்காமல் கதாநாயகி குதித்து இறங்கினாள். மதியம் வீட்டில் அதட்டிய அதே பெண்தான். டிரம்ஸ் குச்சிகளோடு நின்றவளைக் கட்டிக்கொண்டு, தோழிகள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினாள்:

"பார்த்தீங்களாடி? இது எங்க அம்மா!"