செவலையின் கோணல் கழுத்து

போன வருஷம் செவலைக்கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தது. பிழைத்துக்கொண்டது, ஆனால் கழுத்து இடப்பக்கமே திரும்பி நின்றுவிட்டது. புள்ளிக்கோழிக்கு நோயே வரவில்லை; தடுப்பூசி முகாமில் இறக்கையில் ஊசி போட்டார்கள், அவ்வளவுதான். இந்த வருஷம் பக்கத்துத் தெருவுக்கு நோய் வந்தது. அங்கேயே போய் மேய்ந்தும் இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"உன்னுது ஊசி குடுத்த தெம்புடி. என்னுது நோயோட மல்லுக்கட்டிச் சம்பாதிச்சது," என்றது செவலை, வைக்கோல்போரைப் பார்த்தபடி. புள்ளி இருந்தது வலப்பக்கம்.

"இருக்கட்டும்க்கா. நாளைக்கு முகாம். உன் ஏழு குஞ்சையும் கூட்டிட்டு வா."

"எதுக்கு? அதுங்களும் என்னை மாதிரி மல்லுக்கட்டட்டும்."

"சரிதான். உன்கூடப் பொரிஞ்சவங்க எத்தனை பேரு?"

"ஒன்பது."

"அவங்களும் மல்லுக்கட்டினாங்களா?"

"கட்டாம?"

"இப்ப எங்கக்கா இருக்காங்க?"

செவலை கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறியது. புழு எதுவும் கிடைக்கவில்லை.

மறுநாள் முகாமில் வரிசையில் முன்னால் ஏழு குஞ்சுகள் நின்றன. பின்னால் செவலை.

"சும்மா காத்து வாங்க வந்தேன்," என்றது. கடைசிக் குஞ்சின் முறை வந்ததும் பக்கத்தில் நின்ற புள்ளியிடம் மெதுவாகச் சொன்னது:

"அதுக்கும் போட்டாங்களான்னு நீ பாருடி. எனக்கு அந்தப் பக்கம் கழுத்து திரும்பாது."