ராசியான வண்டி

"ஊருல வேற காரே இல்லையாப்பா? இதைக் காட்டத்தான் காலையிலேயே கூட்டிட்டு வந்தீங்களா?"

பவித்ரா குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். அப்பா வேலுச்சாமி காரின் முன்பக்கத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

"இது ராசியான வண்டி தாயி" என்றார் கடைசியில்.

அவளுக்குச் சுருக்கென்றது.

சிலமலையில் ஜக்கையன் வீட்டு வாசலில் நின்றது அந்த வெள்ளைக் கார். போலீஸ் இலாகா கழித்துப் போட்ட வண்டி. அதைப் பத்து வருஷம் ஓட்டிய போலீஸ் டிரைவர் ஜக்கையன், ஓய்வு பெற்றதும் மனசு கேட்காமல் ஏலத்தில் தானே எடுத்துவிட்டார். கூரையில் சிவப்பு விளக்கு இருந்த இடத்தில் துளைகளை அடைத்துப் பெயின்ட் அடித்திருந்தார்.

"என்ஜின் சுத்தம் தாயி. புள்ள மாதிரி வச்சிருந்தேன். இப்பக் கண்ணு மங்கிருச்சு, மலையில ஓட்டப் பயமாயிருக்கு. உங்கப்பா கேட்டாரேன்னுதான் குடுக்குறேன்."

பவித்ராவுக்குக் கார் அவசியம்தான். கால்நடை டாக்டராகப் போடியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, மருந்துப் பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டியில்தான் ஊர் ஊராக அலைகிறாள். போன மழையில் பொட்டிபுரத்தில் ஒரு பசு கன்று ஈன முடியாமல் தவிக்க, இவள் நனைந்து போய்ச் சேர்வதற்குள் கன்று செத்துவிட்டது. அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை. மறுநாளே கார் தேட ஆரம்பித்துவிட்டாள்.

ஆனால் இந்தக் காரா? இதன் நம்பர் அவளுக்கு மனப்பாடம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கையில், அவளுடைய கல்யாணப் பந்தலுக்கு முன்னால் வந்து நின்ற கார் இது. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. மாப்பிள்ளை, அத்தை சந்திரவல்லியின் மகன். அதிகாரிகள் அவளை வேறு வண்டியில் ஏற்றி விடுதிக்கு அனுப்பினார்கள். அப்பாவை இந்தக் காரின் பின்சீட்டில் ஏற்றினார்கள். சொந்தபந்தமெல்லாம் பார்க்க, அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

பள்ளிக்கூடத்துக் கலையரசி டீச்சர்தான் போலீசுக்குச் சொல்லியிருப்பார் என்று ஊரே பேசியது. பவித்ராவும் நம்பினாள். முதல் சம்பளத்தில் டீச்சருக்குப் பட்டுச்சேலை எடுத்துக்கொண்டு போய்க் காலில் விழுந்தாள். அப்பாவுக்கு ஒரு வேட்டி எடுத்தாள், அவ்வளவுதான்.

ஏலக்காய்த் தோட்டத்தில் கூலி வேலை பார்த்த அவரைத் தன்னோடு கூட்டிவந்து வைத்திருக்கிறாள். வேளைக்குச் சோறு போடுகிறாள். ஆனால், 'ஏம்ப்பா சம்மதிச்சீங்க?' என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. மூன்று மாதத்துக்கு முன்பு அத்தை இறந்தபோதுகூட அந்தப் பேச்சு எழவில்லை.

"மலையில ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரு தாயி. அப்பறம் வேணும்னாலும் சொல்லு, வேணாம்னாலும் சொல்லு" என்று சாவியை நீட்டினார் ஜக்கையன்.

மறுக்க முடியாமல் வாங்கினாள். ஜக்கையன் முன்னால் உட்கார்ந்தார். வேலுச்சாமி தானாகப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

போடிமெட்டுப் பாதையில் வளைவுகளைக் கார் அலட்டிக்கொள்ளாமல் ஏறியது. எதிரே தோட்டத்துப் பெண்களோடு இறங்கிய ஜீப்புக்காரன், பழைய ஞாபகத்தில் பதறிப்போய் வேகத்தைக் குறைத்துச் சல்யூட் அடித்தான். பின்னாலிருந்து அப்பா சிரிக்கும் சத்தம் கேட்டது.

கண்ணாடியில் பார்த்தாள். அதே சீட்டு. மனுஷன் திருவிழாவுக்குப் போகிறவர் மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். பவித்ராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு வளைவில் டீக்கடையைப் பார்த்ததும் வேலுச்சாமி இறங்கினார். "நீங்க உக்காருங்க, நான் வெரசா டீ வாங்கியாறேன்."

அவர் நகர்ந்ததும் அவள் ஜக்கையன் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு வேணாம். எங்கப்பாவை இதுலதான ஏத்திட்டுப் போனீங்க? அவருக்கு மறந்துபோச்சு போல. ராசியான வண்டியாம். இதைத்தான் வாங்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு."

ஜக்கையன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க அத்தைதான் போய்ச் சேந்துருச்சே. இன்னுமா உங்கிட்டச் சொல்லல?"

"எதை?"

"அந்தம்மா உசுரோட இருக்குற வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்குனாரு தாயி."

"எதுக்கு?"

"தாயில்லாத தம்பியத் தூக்கி வளத்த அக்கா. அந்தம்மா கேட்டப்ப முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ல இவருக்கு வாய் வரல. அன்னைக்கு வண்டி ஊரைத் தாண்டுனதும் இந்தப் பின்சீட்டுல உக்காந்து என்னையக் கையெடுத்துக் கும்பிட்டாரு. 'சாயங்காலம் வரைக்கும் என்னைய ஸ்டேஷன்லயே உக்கார வைங்கய்யா, அப்பத்தான் அக்கா நம்பும்'னாரு."

கடையிலிருந்து மூன்று டம்ளர்களையும் இரண்டு கைகளில் அடக்கிக்கொண்டு, டீ சிந்திவிடாமல் மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தார் வேலுச்சாமி.

அவரைப் பார்த்துக்கொண்டே ஜக்கையன் சொன்னார்: "என் சர்வீசுல, போன் பண்ணி எங்களைக் கூப்புட்ட ஆளையே புடிச்சு ஏத்திட்டுப் போன கேசு அது ஒண்ணுதான் தாயி."