நடு சீட்

காலை மணி பத்து இருபது. புது மினிவேனில் மூன்று குழந்தை சீட் இருக்க வேண்டும்; இரண்டுதான் இருந்தன. பொருத்தியவர் ஊசி.

சொந்தப் பெயர் வேறு. ஆள் ஒல்லி, வேலை சீட் தைப்பது. இருபத்தொரு வருடமாக ஷோரூமில் அந்தப் பெயர்தான்.

வண்டியை எடுக்க மனைவியோடு வந்திருந்த கணவன் கதவைத் தள்ளி உள்ளே பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மாஸ்டர், நடு சீட் எங்க?"

இரண்டு நீல சீட்டுக்கு நடுவே, மஞ்சள் சீட் இருக்க வேண்டிய இடத்தில், கை வைத்துக்கொள்ள ஒரு பலகை இருந்தது. அதில் டம்ளர் வைக்க இரண்டு குழி.

"மறந்துட்டேன் சார்."

"மறந்துட்டீங்களா? இதுக்காக நாலு தடவை வந்தோமே மாஸ்டர்."

வந்தது உண்மைதான். முதல் தடவை, சின்ன கார் போதும் என்று கணவன் சொல்ல, மனைவி விரலை மடக்கி எண்ணினாள். "நீங்க, நான், பெரியவ, சின்னவ, வரப்போறது. சாமானெல்லாம் உங்க தலையிலயா வெச்சுட்டுப் போறது?"

இரண்டாவது தடவை கதவு. தள்ளித் திறக்கிற கதவுதான் வேண்டும், பிள்ளைகள் பக்கத்து வண்டியில் இடிக்க மாட்டார்கள் என்றாள்.

மூன்றாவது தடவை மகள்கள் இருவரும் வந்து, பாப்பா பக்கத்தில் யார் உட்காருவது என்று ஷோரூம் நடுவிலேயே முடியைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால்தான் பாப்பாவுக்கு நடு சீட் என்று முடிவானது.

நான்காவது தடவை துணி. அவள் மஞ்சளைத் தொட்டாள்.

"பால் கக்கினா கறை தெரியும்மா" என்றார் ஊசி.

"தெரியட்டும்ணே. துடைக்கத்தான் இவர் இருக்காரே."

இன்று அவள் குரலில் அந்தச் சிரிப்பு இல்லை.

"என் கண்ணு முன்னாடிதானே நோட்டுல எழுதினீங்க? அடிக்கோடு வேற போட்டீங்க. எப்படிண்ணே மறக்கும்?"

"வயசாச்சும்மா."

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. தினமும் 'ஊசியண்ணே' என்று கூப்பிடுகிறவர், இன்று அண்ணனை விட்டுவிட்டார்.

"என்ன ஊசி இது? மூணாவது குழந்தைக்குன்னு ஆர்டர்ல கொட்டை எழுத்துல இருக்கு. கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

"தப்புதான் சார்."

"சரி, சீட் ஸ்டோர்லதானே இருக்கு? எடுத்துட்டு வாங்க. அரை மணி நேரத்துல மாட்டிடலாம். சார், மேடம், நீங்க உள்ள உட்காருங்க."

கணவன் மனைவியைப் பார்த்தார். மனைவி கணவனைப் பார்த்தாள்.

ஊசி கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"மாட்ட முடியாது சார். வெட்டும்போது கை தவறிடுச்சு. பாழாப் போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்."

"இப்பதானே மறந்துட்டேன்னீங்க?"

"அதை மறைக்கத்தான் சார் அப்படிச் சொன்னேன்."

மேனேஜர் உள்ளே போய்ப் புகார்ப் படிவத்தோடு வந்தார். "எழுதிக் கொடுங்க சார். குழந்தை விஷயத்துல பொய் வேற சொல்றார். சும்மா ஒரு எச்சரிக்கைதான், வேற ஒண்ணும் ஆகாது."

"வேண்டாம், போகட்டும்..." என்று கணவன் இழுத்தார். மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கவனித்ததும் அவர் பேனாவை வாங்கிக்கொண்டார்.

"எப்படி விடறது? நம்ம பாப்பா சீட்டாச்சே" என்று சொல்லி, புகாரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

படிவம் மனைவியிடம் வந்தது. இப்போது அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் போட்டாள்.

மேனேஜரோடு அவள் சாவி வாங்கப் போனபோது, கணவன் டயரைப் பார்ப்பதுபோல் குனிந்து, ஊசியின் கையைப் பிடித்து அழுத்தினார்.

பேச வேண்டியதைத் திங்கட்கிழமையே போனில் பேசியிருந்தார். "பாப்பா தங்கல மாஸ்டர். ரெண்டே நாள்தான். அந்த சீட்டை எடுத்துடுங்க, பார்த்தா அவ தாங்க மாட்டா. ஆனா நான் சொன்னதாத் தெரியக் கூடாது. அதுக்குள்ள பிள்ளையை மறந்துட்டானேன்னு நினைச்சுப்பா. நீங்க மறந்ததா இருக்கட்டும்."

சாவி வந்தது. கணவன் வண்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மனைவி மட்டும், பையை விட்டுவிட்டேன் என்று திரும்பி வந்தாள். பை தோளில்தான் இருந்தது.

"மன்னிச்சுக்குங்கண்ணே. அவர் முன்னாடி திட்டாம இருந்தா..."

"தெரியும்மா. போங்க, காத்துட்டிருக்கார்."

அவள் செவ்வாய்க்கிழமை போன் செய்திருந்தாள். அந்த சீட்டை எடுத்துவிட வேண்டும், பார்த்தால் அவர் தாங்க மாட்டார், தான் சொன்னதாகத் தெரியக் கூடாது, அதற்குள் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வார் என்றாள். கணவன் சொன்னதற்கும் அவள் சொன்னதற்கும் நாலு வார்த்தைதான் வித்தியாசம். ஊசி இருவருக்கும் சரி என்றிருந்தார்.

மஞ்சள் சீட்டை அவர் வெட்டவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. அலமாரியில் பழைய போர்வைக்கு அடியில் இருந்தது.

புகார் எச்சரிக்கையோடு நிற்கவில்லை; செப்டம்பர் முப்பதாம் தேதியோடு ஊசி வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். இருபத்தொரு வருடக் கோப்பில் ஒரே ஒரு புகார்தான் இருந்தது. அதில் இரண்டு கையெழுத்து.